குவின்சி 1996: "காத்திருக்கிறேன்" என்று சொன்னது யார்?

வான்நோக்கி எழுதியது:

இந்த மன்றப் பகுதியில் சிறு விமான விபத்து என்றாலே இன்ஜின் நின்றது, எடை கூடியது, காற்று வீசியது என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். எந்தக் கோளாறும் இல்லாத இரண்டு விமானங்கள் தரையிலேயே மோதிக்கொண்ட ஒரு விபத்தைப் பற்றி இன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. பல வருடங்களாக என் மனதில் கிடக்கும் விஷயம் இது.

1996 நவம்பர் 19. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குவின்சி என்ற ஊருக்கு வெளியே இருக்கும் பால்ட்வின் விமான நிலையம். டவர் கிடையாது. அதாவது விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர்கள் இல்லை; எல்லோரும் ஒரே பொது அலைவரிசையில் "நான் இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நிலையங்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

சிகாகோவிலிருந்து பர்லிங்டன் வழியாக யுனைடெட் எக்ஸ்பிரஸ் 5925 வந்துகொண்டிருந்தது. 19 இருக்கை கொண்ட பீச் 1900சி. பயணிகள் 10 பேர், விமானிகள் 2 பேர். வடமேற்கிலிருந்து நேராக வந்து ரன்வே 13-ல் இறங்குவது அவர்கள் திட்டம்.

அதே நேரம் ரன்வே 4-ன் முனையில் ஒரு கிங் ஏர் ஏ90 புறப்படத் தயாராக நின்றது. அதில் இரண்டு பேர். அதற்குப் பின்னால், தன் முறைக்காக ஒரு சிறிய பைப்பர் செரோக்கி. ரன்வே 13 என்றால் 130 டிகிரி திசை, 4 என்றால் 40 டிகிரி. இரண்டும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும்.

5925-ன் கேப்டன் தூரத்திலிருந்தே தன் வருகையை அலைவரிசையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். கிங் ஏர் ரன்வே 4-க்குள் போகிறது என்ற அறிவிப்பும் அவர் காதில் விழுந்திருந்தது. அதனால் தரைக்கு மிக அருகில் வந்தபோது நேரடியாகவே கேட்டார்: ரன்வே 4-ல் இருக்கும் விமானம் அங்கேயே நிற்குமா, இல்லை புறப்படப் போகிறீர்களா?

பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னது கிங் ஏர் இல்லை. பின்னால் நின்ற செரோக்கியின் விமானி தன் பதிவெண்ணைச் சொல்லி, ரன்வே 4-ல் புறப்படக் காத்திருப்பதாகச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் 5925-ன் காக்பிட்டில் தரை நெருங்குவதை அறிவிக்கும் இயந்திரக் குரல் "இருநூறு" என்று இடையில் புகுந்தது. செரோக்கிக்காரர் கடைசியில் சொன்னது அந்தச் சத்தத்தில் சிதறிப்போனது. அந்தச் சிதறலில் "கிங் ஏர்" என்ற சொல் மட்டும் கேட்டது.

கிங் ஏர்தான் காத்திருப்பதாகச் சொல்கிறது என்று நினைத்து, கேப்டன் நன்றி சொன்னார். இதோ உங்கள் ஓடுபாதைச் சந்திப்பைக் கடந்துவிடுகிறோம் என்றார்.

கிங் ஏர் ஓட ஆரம்பித்தது. மாலை 5 மணி 1 நிமிடத்துக்கு இரண்டும் சந்திப்பில் மோதின. 14 பேரும் இறந்தார்கள்.

-----

பறக்கும்மாணவன் எழுதியது:

அண்ணா, நான் இப்போது அமெரிக்காவில்தான் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் நிலையத்திலும் டவர் கிடையாது. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஒரு சந்தேகம். கிங் ஏருக்கு ரேடியோ வேலை செய்யவில்லையா? கேப்டன் இத்தனை முறை சொல்லியும் எப்படிக் காதில் விழாமல் போகும்?

-----

வான்நோக்கி எழுதியது:

ரேடியோ வேலை செய்தது தம்பி. சற்று முன்புதான் கிங் ஏரில் இருந்தவர்கள் அதே அலைவரிசையில் பேசியிருந்தார்கள். தரையில் ஊர்ந்து வருவதையும் ரன்வே 4-க்குள் போவதையும் அறிவித்தார்கள். அதன் பிறகு மௌனம். ஓட ஆரம்பிக்கும்போது "இப்போது புறப்படுகிறோம்" என்ற அறிவிப்பு அவர்களிடமிருந்து வரவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி முதல் காரணமாகச் சொன்னதே இதைத்தான். கிங் ஏரில் இருந்தவர்கள் பொது அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை அல்லது சுற்றிலும் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் இன்னொரு விமானம் குறுக்கு ஓடுபாதையில் இறங்கும்போது இவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். செரோக்கியின் துண்டுபட்ட பதிலும், அதை 5925 தப்பாகப் புரிந்துகொண்டதும் துணைக் காரணங்கள்.

5925-ன் விமானிகள் ரேடியோவிலும் கண்ணாலும் செய்ய வேண்டிய முயற்சிகளைச் செய்தார்கள் என்றும் வாரியம் தெளிவாகச் சொன்னது. அது முக்கியம். அவர்கள் அலட்சியமாக வந்தவர்கள் இல்லை. கேள்வி கேட்டார்கள், பதிலும் வாங்கினார்கள். அந்தப் பதில் வேறொருவருடையது, அவ்வளவுதான்.

-----

தாமிரபரணி எழுதியது:

என் கோபமெல்லாம் அந்தச் செரோக்கி விமானி மேல்தான். உன்னைக் கேட்காத கேள்விக்கு நீ ஏன் வாயைத் திறக்கிறாய்? அந்த ஆள் பேசாமல் இருந்திருந்தால் கேப்டன் சந்தேகப்பட்டு மேலே ஏறிப் போயிருப்பாரே.

-----

வான்நோக்கி எழுதியது:

உங்கள் கோபம் புரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த உரையாடலைத் திரும்பத் திரும்பப் படித்ததில் என் எண்ணம் மாறியது.

கேள்வி யாரைக் கேட்டது என்று பாருங்கள். "ரன்வே 4-ல் இருக்கும் விமானம்" என்றுதான் கேட்கப்பட்டது. கிங் ஏர் என்றோ, அதன் பதிவெண்ணையோ சொல்லிக் கேட்கவில்லை. ரன்வே 4-க்குப் போகும் வரிசையில் நின்றவர் இரண்டு பேர். இரண்டாமவர், தன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து உள்ளபடி பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே காத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் பக்கத்திலும் குறை உண்டு. பதிவெண்ணை மட்டும் சொன்னார், "செரோக்கி" என்று விமானத்தின் வகையைச் சொல்லவில்லை. கேப்டன் நன்றி சொன்னபோது, ஐயோ இது எனக்கில்லையே என்று அவருக்கு உறைத்திருந்தால் உடனே திருத்தியிருக்கலாம். அனுபவம் குறைந்தவர். அந்தச் சில வினாடிகளில் அது தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, படிக்கும்போது என்னால் தாண்டிப் போக முடியாத இடம். கிங் ஏரிலிருந்து முன்பு ரேடியோவில் பேசியது பெண் குரல். 5925-ன் கேப்டனும் பெண்தான். "அவள் இப்போது ரன்வே 4-க்குள் போகிறாளா?" என்ற பொருளில் தன் துணை விமானியிடம் கேட்டிருக்கிறார். பிறகு வந்த பதில் ஆண் குரல். கேப்டன் நன்றி சொல்லும்போது "சார்" என்றே சொல்கிறார். ஆள் மாறியதைக் காது பிடித்துவிட்டது, வாயும் அதற்கேற்பப் பேசிவிட்டது. ஆனால் அது எச்சரிக்கையாக மனதில் ஏறவில்லை. தரைக்கு 200 அடி உயரத்தில், இறங்கும் வேலைக்கு நடுவே, எதிர்பார்த்த பதில் எதிர்பார்த்த நேரத்தில் வந்தால் யாருக்கும் இப்படி நடக்கலாம். எனக்கும் நடக்கும்.

-----

செம்பருத்தி எழுதியது:

விமானம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, படிக்க வந்தவள். ஒரு எளிய கேள்வி. டவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காதுதானே? பயணிகள் விமானம் வந்து போகும் இடத்தில் டவர் இல்லாமல் எப்படி விடுகிறார்கள்?

-----

வான்நோக்கி எழுதியது:

குவின்சியில் டவர் இருந்திருந்தால் அன்றைக்கு இது நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டவர் மட்டும் போதும் என்று நினைக்க முடியவில்லை. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். உலகத்தின் பரபரப்பான நிலையங்களில் ஒன்று, டவரும் உண்டு. ஸ்கைவெஸ்டின் சிறிய மெட்ரோலைனர் ஒன்றை ஓடுபாதைக்குள் போய்ப் புறப்படக் காத்திருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். வேலைப் பளுவில் அது அங்கே நிற்பதை மறந்து, அதே ஓடுபாதையில் ஒரு போயிங் 737-ஐ இறங்க அனுமதித்துவிட்டார். இருட்டில் மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஓடுபாதை விளக்குகளுக்கு நடுவே அந்தச் சிறு விமானம் தெரியவில்லை. மெட்ரோலைனரில் இருந்த 12 பேரும் இறந்தார்கள். போயிங்கிலும் பலர்.

1977-ல் ஸ்பெயினின் டெனரீப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதியது எல்லோருக்கும் தெரியும், 583 பேர் இறந்தார்கள். அங்கேயும் டவர் இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோ பட்டனை அழுத்தியதால் முக்கியமான சொற்கள் இரைச்சலில் மறைந்துபோயின. குவின்சியில் "இருநூறு" என்ற இயந்திரக் குரல் செய்ததும் அதே வேலைதான்.

-----

சூலூர்க்காரன் எழுதியது:

நான் பல வருடம் விமானத் தளத்தில் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் ரேடியோவைப் பற்றியே பேசுகிறீர்கள். மோதலுக்குப் பிறகு நடந்ததையும் எழுதுங்கள் வான்நோக்கி. இந்த விபத்தில் என்னைத் தூங்கவிடாதது அந்தப் பகுதிதான்.

-----

வான்நோக்கி எழுதியது:

வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன் சார். எழுதுகிறேன்.

மோதிய பிறகு இரண்டு விமானங்களும் சறுக்கிக்கொண்டே போய் ஓடுபாதை ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தீ பிடித்தது. முதலில் ஓடிப் போனவர்கள் மூன்று பேர், மூவருமே விமானிகள். அவர்களில் இரண்டு பேர் அதே நிறுவனத்தில் அதே பீச் 1900 ஓட்டத் தகுதி பெற்றவர்கள். இந்த விமானம் வந்து சேர்வதற்காகவே அங்கே காத்திருந்தவர்கள். அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

காக்பிட்டின் இடப்பக்க ஜன்னல் வழியாகக் கேப்டன் அவர்களிடம் பேசினார். கதவைத் திறக்கச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்து முயன்றார்கள். கதவு திறக்கவில்லை. புகையும் தீயும் அவர்களை விரட்டிவிட்டன.

5925-ல் இருந்தவர்கள் மோதலின் அடியில் சாகவில்லை. உயிரோடு இருந்தார்கள். புகையும் தீயும்தான் கொன்றது.

நிலையத்தில் ஆட்களோடு தயாராக நிற்கும் தீயணைப்பு வண்டி இல்லை. நகரத்திலிருந்து ஏறக்குறைய 10 மைல் தாண்டி வண்டி வந்து சேரச் சுமார் 14 நிமிடம் ஆனது. உயிரிழப்பு இவ்வளவு பெரிதானதற்கு இந்த இரண்டையும், கதவு திறக்காததையும் தீயணைப்பு வசதி இல்லாததையும், என்டிஎஸ்பி பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

-----

சூலூர்க்காரன் எழுதியது:

நன்றி. 14 நிமிடம் என்பது என்ன என்று விமானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி ஓடுபாதையின் எந்த முனைக்கும் தீயணைப்பு வண்டி 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், 2 நிமிடமே குறிக்கோள். ஏன் இந்தக் கணக்கு? எரிபொருள் தீ விமானத்தின் அலுமினியத் தோலை உருக்கி உள்ளே போக அதிக நேரம் எடுக்காது. உள்ளே போன பிறகு புகை இன்னும் வேகம். எங்கள் பயிற்சியில் மணி அடித்ததிலிருந்து வினாடியை எண்ணுவோம். பூட்ஸ் போட உட்கார்ந்தால் கூடத் திட்டு விழும்.

அங்கே ஒரே ஒரு வண்டி, நுரை அடிக்கத் தெரிந்த நான்கு பேர் இருந்திருந்தால், கதவை உடைக்க அந்த மூன்று பேருக்கும் நேரம் கிடைத்திருக்கும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். தீயை முழுக்க அணைக்க வேண்டியதில்லை. கதவுப் பக்கத்தை மட்டும் நுரையால் மூடி வழி வைத்திருந்தால் போதும்.

-----

மீனம்பாக்கம் மெக்கானிக் எழுதியது:

கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் அந்த ரகத்தில் நேரடியாக வேலை பார்த்ததில்லை, ஆனால் இதேபோன்ற படிக்கட்டுக் கதவுகளைப் பார்த்திருக்கிறேன்.

கதவின் உட்புறமே படிக்கட்டு. கீழே கீல், மேலிருந்து வெளிப்பக்கம் சாயும். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேபிள் இழுபட்டு, சுற்றிலும் உள்ள பூட்டுகள் ஒரே நேரத்தில் விலக வேண்டும். சட்டகம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டால் இரண்டு பிரச்சினை வரும். ஒன்று, பூட்டு தன் துளையிலேயே இறுகிக்கொள்ளும். இன்னொன்று, கேபிள் தளர்ந்துபோகும். வெளியே கைப்பிடி முழுக்கத் திரும்பும், உள்ளே பூட்டு பாதிதான் நகரும். திறப்பவனுக்குத் தான் என்ன தப்பு செய்கிறோம் என்றே தெரியாது. குவின்சி அறிக்கையும் இதையேதான் சொல்கிறது, மோதலில் கதவோ சட்டகமோ உருமாறிக் கேபிளில் தளர்வு ஏற்பட்டிருக்க வேண்டும் என்று.

விமானத்துக்குச் சான்றிதழ் தரும் விதியில், விபத்தில் உடல் நசுங்கினாலும் கதவு இறுகாமல் இருக்க ஏற்பாடு வேண்டும் என்று அப்போதே இருந்தது. ஆனால் எவ்வளவு நசுங்கல், அதை எப்படிச் சோதித்துக் காட்டுவது என்று தெளிவில்லை. அதைத் தெளிவாக்க வேண்டும் என்பது வாரியத்தின் பரிந்துரைகளில் ஒன்று. பட்டறையில் ஒரு கேபிளின் இறுக்கத்தை அளக்கும்போது இந்த விபத்து எனக்கு ஞாபகம் வரும்.

-----

தாமிரபரணி எழுதியது:

செரோக்கி விமானியைப் பற்றி நான் எழுதியது அதிகப்படி. திரும்பப் படித்தேன், திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் தீயணைப்பு விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து சிறு விமானம் வரும் நிலையத்தில் முழுநேரத் தீயணைப்புப் படையை எப்படி வைப்பது? ஊராட்சிப் பணத்தில் ஓடும் நிலையம். செலவு தாங்காமல் விமான சேவையே நின்றுவிட்டால்?

-----

சூலூர்க்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் எல்லா நேரமும் ஆள் வேண்டாம் தம்பி. பயணிகள் விமானம் இறங்குவதற்குக் கால் மணி முன்னும் புறப்பட்ட பின் கால் மணியும் போதும். நிலையத்தில் புல் வெட்டுபவருக்கும் எரிபொருள் நிரப்புபவருக்கும் பயிற்சி கொடுத்தால் அந்த நேரத்துக்கு அவர்களே வண்டியில் ஏறுவார்கள். மனமிருந்தால் வழி உண்டு.

-----

வான்நோக்கி எழுதியது:

கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் சட்டமும் போனது சார். அப்போதைய விதிப்படி 30 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்கள் வரும் நிலையங்களுக்குத்தான் தீயணைப்புக் கட்டாயம். 19 இருக்கை விமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. 10 பேரோ அதற்கு மேலோ ஏறும் பயணிகள் சேவைக்கும் வேண்டும் என்று என்டிஎஸ்பி சொன்னது. 2004-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதியைத் திருத்தி, 10 முதல் 30 இருக்கை வரை உள்ள விமானங்களின் சேவை நடக்கும் நிலையங்களையும் தீயணைப்பைக் கட்டாயமாக்கும் சான்றிதழ் வட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதில் சிறு நிலையங்கள் தங்களுக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு செய்துகொள்ள இடமும் வைத்தார்கள்.

குவின்சிக்கும் அந்த விதிக்கும் நடுவே 7 வருடத்துக்கு மேல். எனக்கு அது மிக நீண்ட காலமாகப் படுகிறது.

-----

செம்பருத்தி எழுதியது:

ஜன்னல் வழியாகப் பேசிய அந்தக் கேப்டனை நினைத்தால் என்னால் வேலையில் உட்கார முடியவில்லை. 30 வயதாம். துணை விமானிக்கு 24. தேடிப் படித்தேன்.

-----

பறக்கும்மாணவன் எழுதியது:

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு என் பயிற்சியாளரிடமும் பேசினேன். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, அமெரிக்காவில் 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஊரில் ஒருவர் "ரன்வேயில் ஏறுகிறேன்" என்றால் எனக்கும் கேட்கும். அதனால்தான் ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்லச் சொல்கிறார்கள். இதுவரை அதைச் சடங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, "இந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கக் கூடாது என்பது இப்போது நிர்வாகத்தின் அறிவுரையிலேயே இருக்கிறது. வான்நோக்கி அண்ணா சொன்ன அந்த "யாரைக் கேட்டது" என்ற விஷயம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இப்போதெல்லாம் நான் எண்ணோடு நிறத்தையும் வகையையும் சேர்த்துச் சொல்கிறேன், "வெள்ளை நீலச் செஸ்னா 172" என்று. வானத்தில் இருப்பவருக்கு என் எண் தெரியாது, நிறம் தெரியும்.

-----

வான்நோக்கி எழுதியது:

அருமை தம்பி. பதில் வரவில்லை என்றால், அல்லது வந்த பதிலில் துளி சந்தேகம் இருந்தால், மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வா. எரிபொருள் செலவைப் பற்றி உன் பயிற்சிப் பள்ளி கேட்டாலும் பரவாயில்லை.

-----

பறக்கும்மாணவன் எழுதியது:

சொன்னால் நம்பமாட்டீர்கள் அண்ணா, நேற்று மாலை இதே நிலைமை. எனக்கு முன்னால் ஒரு விமானம் ஓடுபாதைக்குள் ஏறி நின்றது. நான் பின்னால், கோட்டுக்கு வெளியே. ஃபைனலில், அதாவது இறங்குவதற்கான கடைசி நேர்கோட்டில், வந்தவர் "ஓடுபாதையில் இருப்பவர் நகரப் போகிறீர்களா?" என்று கேட்டார். முன்னால் இருந்தவரிடமிருந்து சத்தமே இல்லை. என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. அரை வினாடி நின்று யோசித்துவிட்டு, "வெள்ளை நீலச் செஸ்னா, நான் வெளியே நிற்கிறேன், ஓடுபாதையில் இருப்பது நான் இல்லை, அவர் இன்னும் பதில் சொல்லவில்லை" என்றேன்.

ஃபைனலில் வந்தவர் உடனே மேலே ஏறிவிட்டார். முன்னால் நின்றவர் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். இறங்கிய பிறகு அவரைப் பார்த்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளரோடு பேசுவதற்காக ரேடியோ வால்யூமைக் குறைத்து வைத்திருந்தாராம்.